நடையை அளக்கும் கருவி



இன்றைய மருத்துவ உரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது மனிதரின் நடை. நடப்பதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். தோட்டத்து மக்களாகிய நமக்கு நடை புதிதல்ல. பொழுது விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நடந்து, பிறகு மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் நடந்தவர்கள் நம் பெரியவர்கள். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவருக்கும் உதிரிப்பழம் பொறுக்குகிறவருக்கும் இன்றைக்கும் கால்தான் மூலதனம். ஒருவர் தூரத்தில் வரும்போதே, முகம் தெரிவதற்கு முன்பாகவே, நடையைக் கொண்டு இன்னார் வருகிறார் என்று சொல்லிவிடுகிறோம்.

அப்படிப் பழகிய நடை மெல்ல மாறும்போது அதை முதலில் காண்பவர்களும் வீட்டார்தாம். ஆனால் அக்கம்பக்கம் அதற்குச் சொல்லும் காரணம் வேறாக இருக்கும். "வயசாயிடுச்சு, வேற என்ன" என்பார்கள். காலை அகட்டி வைத்துத் தள்ளாடி நடப்பவரைக் கண்டால், "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டார்" என்பார்கள். ஒரு சொட்டு மதுவும் தொடாதவர் சிறுமூளை நோயினால் அப்படி நடக்கக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே கடைத்தெருவுக்கு வராமல் வீட்டுக்குள் முடங்கிக்கொள்பவர்களும் உண்டு.

நடப்பது கால்களின் வேலை என்று எண்ணுகிறோம். கால்கள் ஏவலாட்கள், ஏவுவது மூளை. கட்டளை முதுகுத்தண்டின் வழியாகவும் நரம்புகளின் வழியாகவும் கீழே போகிறது. பாதம் தரையைத் தொட்டதா, தரை மேடா பள்ளமா, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்திகள் அதேபோல் மேலே வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் எந்த இடத்தில் பழுது ஏற்படுகிறதோ அதற்கேற்ப நடை மாறும். பக்கவாதம் வந்தவர் ஒரு காலை வெளிப்பக்கமாக வளைத்து இழுத்து வைப்பார். பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் கண்டவர் முன்னே குனிந்து, சின்னச்சின்ன அடியாகத் தரையைத் தேய்த்து நடப்பார். ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு கெட்டவருக்குப் பாதம் தொங்கிப்போகும். அது தடுக்காமலிருக்க முழங்காலை உயரத் தூக்குவார். பாதம் 'பட்' என்று தரையில் அறையும்.

நம்மவர்களிடையே நாம் அதிகமாகக் கவனிக்கவேண்டியது இனிப்புநீர் வியாதியால் வரும் நரம்புக்கேடு. 2019ஆம் ஆண்டு மலேசியாவில் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்த வியாதி இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். இரத்தத்தில் நெடுங்காலம் சர்க்கரை கூடியிருந்தால் நரம்புகள் கெடுகின்றன. அதிலும் நீளமான நரம்புகள் முதலில் கெடுகின்றன. முதுகிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடும் நரம்பைவிட நீளமான நரம்பு உடம்பில் ஏது? ஆகவே பாதம்தான் முதலில் மரத்துப்போகிறது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பத்தடி நடந்து போவார்கள். பாதத்திலிருந்து செய்தி வராதபோது கண் அந்த வேலையைச் செய்கிறது; தரையைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். வெளிச்சத்தில் இப்படிச் சமாளித்து விடலாம். இருட்டில் எழுந்து கொல்லைப்பக்கம் போகும்போதும், முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் உடம்பு ஆடும். விழுவது அப்போதுதான்.

இனி, இவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போகிறார். வழவழப்பான சமதரை, நல்ல விளக்கு வெளிச்சம். "கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்கிறார் மருத்துவர். நம் தாத்தா என்ன செய்வார்? தலையை நிமிர்த்தி, மனத்தை முழுக்கக் காலில் வைத்து, பத்தடியும் ஒழுங்காக நடந்து காட்டிவிடுவார். வீட்டில் இரண்டு தடவை விழுந்த மனிதர் இவர்தானா என்று கூட வந்த மருமகளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

இது நடிப்பு அல்ல. பார்க்கின்சன் நோயில் 'உறைதல்' என்று ஒரு நிலை உண்டு. நடந்து கொண்டிருப்பவரின் பாதங்கள் திடீரென்று தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிடும். மேல் உடம்பு போகப் பார்க்கும், கால் வராது. வாசற்படி, குறுகலான இடம், திரும்பும் மூலை, அவசரம் ஆகியவை அதைத் தூண்டுபவை. மருத்துவரின் எதிரில் கவனத்தைக் கூட்டி நடக்கும்போது இந்த உறைதல் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. நோய் மருத்துவரிடமிருந்து தன்னை ஒளித்துக்கொள்கிறது என்றே சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. அந்த நோய்க்குத் தம் பெயரைத் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர், 1817இல் எழுதிய சிறு நூலில் ஆறு நோயாளிகளை வருணித்தார். அந்த ஆறு பேரில் மூவர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அல்லர்; தெருவில் போகும்போது அவர் கண்ணில் பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆக, அந்த நோயின் இலக்கணத்தில் ஒரு பாதி தெருவில் நடந்தவர்களைப் பார்த்து எழுதப்பட்டது. பிற்காலத்தில் மருத்துவம் அறைக்குள் போய்விட்டது. தெருநடை கண்ணுக்கு எட்டாமற் போயிற்று.

அதை மீண்டும் பிடித்துத் தருவதற்காக வந்திருப்பதுதான் உடம்பில் அணியும் உணர்கருவி. 'சென்சார்' என்றும் சொல்கிறார்கள். தீப்பெட்டி அளவோ அதற்கும் சிறிதோ இருக்கும். இடுப்புவாரில் கோத்து முதுகின் அடிப்பக்கம் வைப்பார்கள். சில வகைகளைக் கணுக்காலில் கட்டுவார்கள், அல்லது சப்பாத்தின் மேல் மாட்டுவார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை.

இந்த எண்ணம் முற்றிலும் புதியதும் அல்ல. பிரான்ஸ் நாட்டில் எட்டியன் ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர் 1870களிலேயே நடையை அளக்க ஒரு சப்பாத்துச் செய்தார். அதன் அடிப்பாகம் தடித்த ரப்பர். அதற்குள் காற்று அடைத்த சிறு அறை. கால் தரையை மிதிக்கும்போதெல்லாம் அந்தக் காற்று ஒரு ரப்பர் குழாய் வழியாக மேலே ஓடி, நடப்பவர் கையில் பிடித்திருக்கும் உருளையில் கோடு கீறும். இத்தனைக்கும், பால்மரக் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்து இறங்கியது 1877இல்தான். நம் பாட்டனார் பால் வெட்ட இந்த மண்ணுக்கு வருமுன்பே ரப்பர் மனித நடையை அளக்கத் தொடங்கிவிட்டது என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இன்றைய கருவிக்குள் காற்றும் இல்லை, குழாயும் இல்லை. பின் அது எப்படி நடையை அறிகிறது? லாரியில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லாரி திடீரென்று கிளம்பினால் உடம்பு பின்னுக்குச் சாய்கிறது. பிரேக் போட்டால் முன்னுக்குத் தள்ளுகிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வண்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடலாம். கருவிக்குள்ளும் இப்படி ஒரு 'பயணி' உண்டு. மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கன் என்ற பொருளில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எடை ஒன்று, மெல்லிய வில்களில் தொங்கிக் கொண்டிருக்கிறது. கால் முன்னே பாய்ந்தால் அது பின்னே சாயும். குதிகால் தரையில் இடித்தால் குலுங்கும். அது சாயும் அளவுக்கேற்ப மின்சார அளவு மாறுகிறது. இதற்கு முடுக்கமானி என்று பெயர். கூடவே, உடம்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று காட்டும் சுழற்சிமானியும் இருக்கும். ஒரு விநாடிக்கு 100 தடவை என்ற கணக்கில் இவை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே போகின்றன.

இந்தக் குறிப்பிலிருந்து அடியின் நீளத்தைக் கணக்கிடுவது கொஞ்சம் சிக்கலான வேலை. சிறு பிழை ஒன்று நுழைந்தால் அடிக்கு அடி அது பெருகிக்கொண்டே போகும். அதற்கு ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். நடக்கும்போது ஒவ்வொரு பாதமும் ஒரு நொடிப்பொழுது தரையில் அசையாமல் படிந்து நிற்கிறது அல்லவா? அப்போது அதன் வேகம் சூன்யம். பாதத்தில் கட்டிய கருவி, ஒவ்வொரு தடவையும் அந்த நேரம் பார்த்துத் தன் கணக்கைச் சூன்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னால் கடைக்காரர் தராசுமுள்ளை நேராக்கிக்கொள்வது போன்ற வேலை.

இதனால் என்னென்ன தெரிகின்றன என்று பார்ப்போம். முதலாவது வேகம். ஆரோக்கியமான ஒருவர் விநாடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வரை நடக்கிறார். பக்கவாதம் கண்டவர்களைக் குறித்து மருத்துவர்கள் வெகுகாலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: விநாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைந்தால் வீட்டுக்குள் மட்டும் நடமாடக்கூடியவர், 0.8ஐத் தாண்டினால் கடை கண்ணிக்குத் தாமே போய்வரக்கூடியவர். மருத்துவமனையில் நடக்கும் வேகமும் வீட்டில் நடக்கும் வேகமும் ஒன்றல்ல. வீட்டு வேகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கருவி அளப்பது அந்த வீட்டு வேகத்தை.

வேகத்தைவிட நுட்பமானது ஒழுங்கு. ஒரு கால் தரையைத் தொட்டு, அதே கால் மறுபடி தொடுவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. நல்ல உடம்புள்ளவருக்கு இந்த நேரம் அடிக்கு அடி நூற்றில் 2 அல்லது 3 பங்குதான் கூடிக் குறையும், கடிகாரம்போல் ஓடும். பார்க்கின்சன் நோயிலும் சிறுமூளை நோயிலும் இந்தத் தாளம் தப்புகிறது. கண்ணால் பார்த்து இதை எண்ணிவிட முடியாது, கருவியால் முடிகிறது. அதுபோல் திரும்புதல். நாம் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை திரும்புகிறோம், அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. பார்க்கின்சன் நோயாளி ஒரே திருப்பத்துக்கு நாலைந்து சின்ன அடி வைக்கிறார். நேர்நடையில் தெரியாத கோளாறு திருப்பத்தில் தெரிந்துவிடும்.

உறைதலையும் கருவி கண்டுகொள்கிறது. சாதாரண நடையில் கால் அசைவு விநாடிக்கு மூன்று தடவைக்குள் அடங்கும். உறைந்து நிற்பவரின் கால்களோ நகராமலே விநாடிக்கு மூன்று முதல் எட்டு தடவை வரை துடிக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டு, சூரிக் நகரத்துப் பொறியாளர்களும் டெல் அவிவ் நகரத்து மருத்துவர்களும் சேர்ந்து ஒரு கருவி செய்து, 2010இல் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். உறைதல் தொடங்கியதும் அது காதில் 'டிக், டிக்' என்று தாளம் போடும். தாளம் கேட்டால் கால் அவிழ்ந்து நடப்பது பல நோயாளிகளிடம் காணப்படும் விந்தை. தரையில் குறுக்குக் கோடுகள் போட்டு, அவற்றைத் தாண்டி நடக்கச் சொன்னாலும் இதே பலன் கிடைப்பதுண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கட்டி போதும்.

இந்தத் துறையில் பெரிய முயற்சி ஒன்று ஐரோப்பாவில் நடந்தது. 'மோபிலைஸ்-டி' என்ற பெயரில் 2019 முதல் 2024 வரை, இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகளும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்து அதை நடத்தின. பார்க்கின்சன் நோயாளிகளும், நரம்பின் மேலுறை கெட்டுப்போகும் நோயுள்ளவர்களும், வேறு சில நோயாளிகளும் இடுப்பில் கருவியைக் கட்டிக்கொண்டு ஏழு நாள் தங்கள் வழக்கமான வாழ்க்கையை நடத்தினார்கள். அவர்களை யாரும் 'நடந்து காட்டுங்கள்' என்று கேட்கவில்லை. சமையற்கட்டிலும் தெருவிலும் எப்படி நடந்தார்களோ அப்படியே கணக்கில் ஏறிற்று.

மருந்து சோதனைக்கும் இது பயன்படத் தொடங்கிவிட்டது. டூஷேன் என்ற தசை நலிவு நோய் சிறுவர்களைத் தாக்குவது. அது நரம்பு நோய் அன்று, தசை நோய்; ஆனாலும் நடையைக் கெடுப்பதில் நெருங்கிய உறவு. மருந்து பலன் தருகிறதா என்று அறிய, அந்தப் பிள்ளைகளை ஆறு நிமிடம் நடக்கவிட்டு தூரத்தை அளப்பது பழைய வழக்கம். சோதனை நாளன்று பிள்ளை அழுது அடம் பிடித்தால் அளவே கெட்டுப்போகும். இப்போது கணுக்காலில் கருவி கட்டி, பிள்ளை விளையாடும் நாட்களில் எடுத்த அடிகளில் மிக வேகமானவை எவ்வளவு வேகம் என்று பார்க்கிறார்கள். இதை மருந்தின் பலனுக்கு முதன்மைச் சான்றாக ஏற்கலாம் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2023இல் ஒப்புக்கொண்டது.

கருவியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நடை கெட்டிருக்கிறது என்று அது சொல்லும். ஏன் கெட்டது என்று சொல்லாது. முழங்கால் தேய்மானமும், அளவுக்குப் பெரிய செருப்பும்கூட அடியைக் குறுக்கிவிடும். மிக மெதுவாகத் தேய்த்து நடப்பவரின் அடிகளையும், ஊன்றுகோல் பிடித்து நடப்பவரின் அடிகளையும் எண்ணுவதில் கருவிகள் தடுமாறுகின்றன. கடைகளில் விற்கும் கைக்கடிகார வகைக் கருவிகள் நல்ல உடம்புள்ளவர்களை எண்ணிச் செய்தவை. மாமா ஒரு நாளைக்கு 300 அடிதான் நடந்தார் என்று அது காட்டினால் அதை அப்படியே நம்பிக் கலங்க வேண்டாம்; 1,000 அடிகூட நடந்திருப்பார், கருவிக்குப் புலப்பட்டிருக்காது. மருத்துவத்துக்குரிய கருவிகளோ இன்றைக்குப் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும்தான் இருக்கின்றன.

அப்படியானால் தோட்டத்திலும் பக்கத்துத் தாமானிலும் குடியிருக்கும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். மருத்துவர்கள் தேடுவது வீட்டு நடையை. அந்த வீட்டு நடையை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1997இல் ஓர் எளிய செய்தியை வெளியிட்டார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு கூடவே நடந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடப்பதை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் முடியாமற் போனால், நடப்பதற்கே மூளை தன் கவனம் முழுவதையும் செலவிடுகிறது என்று பொருள். பேசாமல் நடந்தவர்களிலும் சிலர் விழுந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இது ஓர் அறிகுறி, தீர்ப்பு அன்று. கடைவீதி அஞ்சடியில் ஆயாவோடு நடக்கும்போது, 'நேத்து என்ன கொழம்பு வெச்சீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். நின்று பதில் சொல்கிறாரா, நடந்துகொண்டே சொல்கிறாரா?

தேய்ந்த செருப்பையும் திருப்பிப் பாருங்கள். ஒரு செருப்பின் முன்முனை மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பாதம் தூக்கப்படாமல் இழுபடுகிறது. கைப்பேசி இல்லாத வீடு இன்று குறைவு. பிள்ளைகளிடம் சொல்லி, பெரியவர் வாசற்படி தாண்டுவதையும் மூலையில் திரும்புவதையும், அவர் சம்மதத்தோடு, படம் பிடித்து வைக்கலாம். மருத்துவர் அறையில் வெளிப்படாத உறைதலை அந்த அரை நிமிடப் படம் காட்டிவிடும். எத்தனை தடவை விழுந்தார், எந்த நேரத்தில், வெளிச்சத்திலா இருட்டிலா என்று நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள். இனிப்புநீர் உள்ளவரானால் வெறுங்காலோடு வெளியில் இறங்க விடாதீர்கள். இரவில் கொல்லைப்பக்கம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

ஒன்றை மட்டும் இதிலிருந்து பிரித்துச் சொல்கிறோம். நடை மெல்ல மாறுவது வேறு, திடீரென்று மாறுவது வேறு. ஒரு பக்கம் கை கால் சட்டென்று விழுந்துவிட்டாலோ, வாய் கோணினாலோ, இரண்டு கால்களும் ஓரிரு நாளில் வலுவிழந்து சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, அளவும் வேண்டாம், படமும் வேண்டாம்; உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மெல்ல மாறும் நடையை அளக்க, வீட்டு முன்னாலுள்ள சமதரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். அவர் வழக்கம்போல நடக்கட்டும். முதல் கோட்டுக்கு இரண்டு மூன்று அடி முன்பிருந்தே தொடங்கி, இரண்டாவது கோட்டைத் தாண்டி நிற்கட்டும். பக்கத்தில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே போகவேண்டும், ஆனால் பிடிக்கக்கூடாது. இன்னொருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். 8 விநாடியில் கடந்தால் நல்ல நடை. பன்னிரண்டரை விநாடி என்றால் நாம் முன்னே சொன்ன 0.8, 25 விநாடி என்றால் 0.4. மாதம் ஒரு தடவை, அதே இடத்தில், அதே நேரத்தில், அதே செருப்போடு நடக்கவைத்துத் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மருந்து அட்டையோடு அந்தத் தாளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.